மின்வாகனப் பற்றரியை ஒயிலில் மூழ்க வைத்துக் குளிர்விப்பது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீஃப் கார், மின்சார ஸ்கூட்டர், பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பற்றரி போட்ட ஓட்டோ என்று நம் ஊரில் மின்வாகனங்கள் கூடக்கூட, "இமர்ஷன் கூலிங் என்று ஒன்று வந்திருக்காமே, அது என்ன?" என்று கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். பற்றரி முழுவதையும் கண்ணாடித் தொட்டிக்குள் ஒயிலில் அமிழ்த்தி வேலை செய்யவைக்கும் வீடியோக்கள் எல்லார் போனிலும் ஓடுகின்றன. திரும்பத்திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த முறை நல்லது, நாளைக்கு நமக்கும் வரக்கூடியது, ஆனால் இது செல்லில் இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோகும் வழி மட்டும்தான். தானாகக் குளிரை உண்டாக்காது. இதை விளங்கிக்கொள்ளாமல் பற்றரிப் பெட்டிக்குள் ஒயில் ஊற்றப் பார்ப்பவர்களை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இமர்ஷன் கூலிங் என்றால் என்ன?

மின்வாகனப் பற்றரி என்பது ஒரே கட்டி அல்ல, நூற்றுக்கணக்கான, சில வாகனங்களில் ஆயிரக்கணக்கான, சிறு செல்களின் தொகுப்பு. இந்தச் செல்களை மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள் நேரடியாக மூழ்க வைத்து, அந்தத் திரவத்தை ஒரு பம்பால் செல்களுக்கு இடையே ஓடவிட்டு, சூடேறிய திரவத்தை வெளியே எடுத்து ஆற்றி, மறுபடி உள்ளே அனுப்புவதுதான் இமர்ஷன் கூலிங். செல்லுக்கும் திரவத்துக்கும் நடுவில் உலோகத் தகடோ குழாயோ பசையோ கிடையாது. செல்லின் உடம்பை மட்டுமல்ல, செல்களை இணைக்கும் செப்பு, அலுமினியப் பட்டைகளையும் அந்தத் திரவமே தொட்டு ஓடுகிறது. வேகமாகச் சார்ஜ் செய்யும்போது அதிகம் கொதிக்கும் இடங்களில் அந்த இணைப்புகளும் உண்டு என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

திரவத்தில் போட்டால் ஷோர்ட் ஆகாதா?

தண்ணீரில் போட்டால் ஆகும். இதற்குப் பயன்படுத்துவது தண்ணீர் அல்ல. சுத்திகரித்த ஹைட்ரோகார்பன் ஒயில், எஸ்டர், சிலிக்கோன் ஒயில் போன்ற, மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் திரவங்கள். புதுமையான யோசனையாகத் தெரிந்தாலும் நம் வீதியோரக் கம்பத்தில் தொங்கும் ட்ரான்ஸ்போமருக்குள் நூறு வருடத்துக்கு மேலாக நடப்பது இதுதான். பதினோராயிரம், முப்பத்துமூவாயிரம் வோல்ட் ஓடும் செப்புச் சுருள்கள் ஒயிலுக்குள் மூழ்கித்தான் கிடக்கின்றன. ஒயில் மின்சாரத்தைத் தடுக்கிறது, சூட்டையும் வெளித்தகடுகளுக்குக் கொண்டுபோகிறது. கணினி உலகத்திலும் 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கணினியின் சர்க்கிட் பலகைகள் புளோரின் கலந்த திரவத்துக்குள் மூழ்கியபடிதான் வேலை செய்தன.

ஒரு நிபந்தனை உண்டு. ஒயில் உலர்ந்திருக்க வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும். ஈரம் ஏறினால் அதன் தடுக்கும் சக்தி விழுந்துவிடும். பெரிய ட்ரான்ஸ்போமர் ஒன்றின் அருகே நின்று பார்த்தால், பக்கவாட்டில் ஒரு சிறு கண்ணாடிக் குடுவை தொங்கும், உள்ளே சிலிக்கா ஜெல் மணிகள். சூடேறி ஆறும்போது ட்ரான்ஸ்போமர் இழுக்கும் காற்றிலுள்ள ஈரத்தை அந்த மணிகள் குடித்துக்கொள்கின்றன. பழைய வகை மணிகள் காய்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறிவிட்டால் இளஞ்சிவப்பு. ஒயிலுக்குள் ஈரம் போகக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பற்றரிக்கும் இதே கவனம் தேவை.

பற்றரி ஏன் சூடாகிறது? நம் ஊர் வெயிலா காரணம்?

இரண்டு சூடு இருக்கிறது, இரண்டையும் குழப்பக்கூடாது. ஒன்று உள்ளிருந்து வருவது. செல்லுக்குள் மின்னோட்டம் ஓடும்போது அதன் உள்தடையால் சூடு பிறக்கிறது, மின்னோட்டம் இரண்டு மடங்கானால் இந்தச் சூடு நான்கு மடங்காகும். அதனால்தான் வீட்டில் இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் போட்டால் பற்றரி வெதுவெதுப்பாகக்கூட ஆகாது, வேகச் சார்ஜரில் அரை மணி நேரம் போட்டால் சூடேறிவிடும். 100 கிலோவாட்டில் சார்ஜ் ஆகும் காரில் ஐந்து வீதம் மட்டும் சூடாக மாறினாலும் 5 கிலோவாட் சூட்டை அந்த நேரம் முழுக்க வெளியேற்றியாக வேண்டும்.

மற்றது வெளியிலிருந்து வருவது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றில் நிழலிலேயே 35 பாகையைத் தாண்டும், அலஸ்தோட்டத்திலோ கடற்கரை வீதியிலோ தாருக்கு மேல் வெயிலில் நிறுத்திய வாகனத்தின் அடிப்பக்கம் அதைவிட அதிகம். லிதியம் அயன் செல்லுக்குப் பிடித்தது ஏறத்தாழ 15 முதல் 35 பாகை வரை. கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் சுமார் 40 பாகை; பற்றரி அந்தச் சூட்டைத் தாண்டி நீண்ட நேரம் இருந்தால் ஆயுள் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பொறியியலாளர்கள் தோராயமாகச் சொல்லும் கணக்கு, ஒவ்வொரு 10 பாகைக்கும் தேய்மானம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பது.

இப்போது ஓடும் கார்களில் எப்படிக் குளிர்விக்கிறார்கள்?

நம் ஊரில் ஓடும் நிஸான் லீஃபில் எதுவும் இல்லை என்றே சொல்லலாம். மூடிய பெட்டிக்குள் செல்கள், வெளியே ஓடும்போது அடிக்கும் காற்று, அவ்வளவுதான். 2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லீஃப் உரிமையாளர்கள் பற்றரியின் கொள்ளளவு விரைவாக விழுகிறது என்று முறையிட்டதற்கு அந்தப் பாலைவன வெயில்தான் காரணம். அதற்குப் பிறகு, 2015 மாடலில் சூட்டைத் தாங்கும் வேதியியலுடன் புதிய பற்றரி வந்தது. இலங்கைக்கும் அந்தக் காலகட்டத்தில்தான் லீஃப் பெருமளவில் வந்தது. ஆகவே பழைய லீஃப் வாங்குபவர்கள் எந்த வருடத்துப் பற்றரி என்று பார்ப்பது மிக முக்கியம்.

டெஸ்லா முதலிய பல கார்களில் தண்ணீரும் கிளைக்கோலும் கலந்த கூலன்ற் ஓடும் தகடுகளும் பட்டைக் குழாய்களும் உண்டு, செல்களை அவற்றோடு ஒட்டிவைத்திருப்பார்கள். பிவைடி அட்டோ 3 போன்றவற்றில் ஏசியின் வாயுவையே பற்றரித் தகட்டுக்குள் ஓடவிடுகிறார்கள். பிஎம்டபிள்யூ ஐ3 இதை முன்பே செய்தது. இந்த இரண்டு வழியிலும் திரவம் செல்லைத் தொடாது, தகட்டைத்தான் தொடும்.

தண்ணீர்தானே சூட்டை அதிகம் சுமக்கும்? ஒயில் எப்படி அதை வெல்லும்?

நல்ல கேள்வி, இதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. ஒரு லீற்றர் கணக்கில் பார்த்தால் கிளைக்கோல் தண்ணீர் சுமக்கும் சூட்டில் ஏறத்தாழ பாதியைத்தான் ஒயில் சுமக்கும். வெப்பக் கடத்தலிலும் ஒயில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். திரவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒயில் தோற்றுப்போகும்.

ஆனால் தகட்டு முறையில் சூடு நடக்கும் பாதையைப் பாருங்கள். செல்லின் நடுவிலிருந்து அடிக்கு வரவேண்டும், பிறகு அடியிலுள்ள பசையைத் தாண்டவேண்டும், பிறகு காப்புத்தாள், பிறகு அலுமினியம், அதற்குப் பிறகுதான் தண்ணீர். ஒவ்வொரு படலமும் ஒரு தடை. செல்லின் அடிப்பகுதி குளிர்ந்திருக்க, தலைப்பகுதி சூடாகவே இருக்கும். மூழ்க வைத்தால் இந்த இடைப்படலங்கள் எல்லாம் போய்விடும், செல்லின் பக்கம் முழுவதும் திரவத்தைத் தொடும். அதனால் செல்லுக்குச் செல் சூட்டு வித்தியாசம் குறைகிறது. நூறு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அது முதலில் தேயும், அது தேய்ந்தால் தொடர் முழுவதும் அதன் அளவுக்கு இறங்கும்; எனவே சராசரிச் சூட்டைவிட இந்தச் சமநிலை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தடித்த, பெரிய பெட்டி வடிவச் செல்களில் நன்மை குறைவு. அங்கே சூடு செல்லுக்குள்ளேயே அடுக்குகளைக் குறுக்கே கடந்து வரச் சிரமப்படுகிறது, வெளியே எதை ஓடவிட்டாலும் உள்ளேயிருப்பது மெதுவாகத்தான் வரும்.

அப்படியென்றால் கச்சான் காலத்திலும் பற்றரி குளிர்ந்தே இருக்குமா?

இருக்காது. இங்கேதான் எல்லாரும் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள்.

ஒயில் எடுத்துவரும் சூட்டை எங்கேயாவது விடவேண்டும். வெறும் ரேடியேற்றரும் மின்விசிறியும் மட்டும் இருந்தால், வெளிக்காற்று 36 பாகை என்றால் ஒயில் அதற்குக் கீழே ஒருபோதும் இறங்காது, நடைமுறையில் அதைவிடச் சில பாகை மேலேதான் நிற்கும். அதற்குக் கீழே இறக்கவேண்டுமென்றால் ஏசி கம்ப்ரெசரோடு இணைந்த ஒரு சில்லர், அதாவது திரவத்தைக் குளிராக்கும் கருவி, வேண்டும். குளிர் நாட்டில் சும்மா கிடைக்கும் குளிர் காற்று நமக்குக் கிடையாது, அதற்கு நாம் பற்றரியிலிருந்தே கரண்ட் செலவழிக்க வேண்டும். ஆகவே நம் ஊருக்கு வாகனம் பார்க்கும்போது "செல்லை எது தொடுகிறது" என்பதைவிட "சூடு கடைசியில் எங்கே போகிறது, சில்லர் இருக்கிறதா" என்ற கேள்விதான் முதலில் வரவேண்டும். ஏசி வாயுத் தகடு வைத்த ஒரு சாதாரண கார், சில்லர் இல்லாத இமர்ஷன் பற்றரியைவிட நம் வெயிலுக்கு நல்லது.

கொழும்புக்குப் போகும்போது லீஃப் இரண்டாவது வேகச் சார்ஜில் மெதுவாகிவிடுகிறது. இமர்ஷன் இருந்தால் இது நடக்காதா?

குறையும். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஓட்டம் ஒரு சூடு, சார்ஜ் இன்னொரு சூடு, திரும்ப ஓட்டம். லீஃப் பற்றரிக்குள் ஏறும் சூடு இறங்க நேரமே கிடைப்பதில்லை. டாஷ்போர்டிலுள்ள பற்றரி வெப்பமானியைப் பாருங்கள், முதல் சார்ஜ் முடிந்து புறப்படும்போது ஏறியிருக்கும், அடுத்த நிறுத்தத்துக்கு வரும்போதும் அநேகமாக அங்கேயே நிற்கும். இரண்டாவது முறை சொருகும்போது கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைக்கும். 2018இல் வந்த 40 கிலோவாட் மணி லீஃபில் இது உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம். 50 கிலோவாட் சார்ஜரிலும் அதில் பாதிக்கும் குறைவாகவே ஏறியது, பிறகு நிஸான் மென்பொருளைத் திருத்தியது.

தொடர்ந்து சூட்டை வெளியேற்றும் எந்த முறையும், தகடோ ஒயிலோ, இந்தப் பிரச்சினையைக் குறைக்கும். ஒயில் முறை இன்னும் வேகமான சார்ஜுக்கு இடம் தரும். இப்போதைக்கு லீஃப் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது, புறப்படும் முன் இரவில் வீட்டில் மெதுவாக நிரப்புவது, விடியற்காலையில் கிளம்புவது, அப்புறம் வழியில் நூறு வீதத்துக்கு நிரப்பாமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போதுமான அளவோடு கழற்றுவது.

யாராவது உண்மையில் இதைப் போட்டு வாகனம் விற்கிறார்களா, அல்லது ஆய்வுகூடத்தோடு சரியா?

விற்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் நாம் தொடமுடியாத விலையில். மக்லாரன் ஸ்பீட்டெயில் என்ற காரின் பற்றரி ஒயிலில் மூழ்கியது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி 2021இல் காட்டிய ஜிடி 63 எஸ் ஈ பெர்ஃபோமன்ஸ் காரின் பற்றரியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். 560 செல்கள், 6.1 கிலோவாட் மணி, 89 கிலோ. சுமார் 14 லீற்றர் மின்கடத்தாத் திரவம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு செல்லையும் தொட்டு ஓடுகிறது. ஓடும் இடைவெளியின் தடிப்பு மில்லிமீற்றரின் பத்தில் சில பங்குதான். சூடேறிய ஒயில் ஒரு வெப்பமாற்றிக்குள் போய்த் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. இத்தனையும் செய்து அவர்கள் பிடித்துவைக்கும் சராசரி வெப்பநிலை 45 பாகை! பந்தய ஓட்டத்துக்கு அந்தச் செல்கள் அந்தச் சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே இமர்ஷன் என்றாலே ஜில்லென்று இருக்கும் என்று நினைக்கவேண்டாம்.

தைவானின் ஜிங் மொபிலிட்டியும் ஒஸ்ரியாவின் கிரைசல் எலக்ட்ரிக்கும் இதையே தொழிலாகக் கொண்டவை. உழவு இயந்திரம் செய்யும் ஜோன் டியர் கம்பனி 2022இல் கிரைசலின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. கனரக வாகனங்கள் நாள்முழுக்கச் சுமையோடு ஓடி, இடைவேளையில் வேகமாகச் சார்ஜ் ஆகவேண்டியவை, இந்தச் செலவு நியாயப்படும் இடம் அதுதான்.

திரவம் கொதிக்கும் வகை ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே?

ஆம். குறைந்த சூட்டில் கொதிக்கும் புளோரின் திரவத்தில் செல்லை வைத்தால் அது செல்லின் மேலேயே கொதித்து ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகும், மேலே குளிர்ந்து திரும்பத் துளியாக விழும். பம்ப்கூடத் தேவைப்படாமல் போகலாம். 3எம் கம்பனியின் நோவெக் 7000 வெறும் 34 பாகையில் கொதிக்கும், நம் ஊரில் போத்தலைத் திறந்துவைத்தாலே பறந்துவிடும். சூட்டை எடுப்பதில் இதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் இவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கும் இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை, 3எம் கம்பனியே 2025 முடிவோடு அந்தக் குடும்பத்தின் உற்பத்தியைக் கைவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. வாகனத்துக்கு இதை நம்பி யாரும் இறங்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஒயில் எரியுமே! தீ ஆபத்து கூடாதா?

இதற்கு ஒரே சொல்லில் பதில் தரமுடியாது. முதலில் பற்றரி எப்படி எரிகிறது என்று பார்ப்போம். ஒரு செல் ஏதோ காரணத்தால், உள்ளே ஷோர்ட், அடிபட்டது, அளவுக்கு மிஞ்சிய சார்ஜ், 80, 100 பாகையைத் தாண்டினால் உள்ளேயுள்ள பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கும். 130 பாகை அளவில் இரண்டு மின்வாய்களையும் பிரிக்கும் பிளாஸ்டிக் தாள் உருகும். அப்புறம் செல் தன் சூட்டைத் தானே உண்டாக்கி நூற்றுக்கணக்கான பாகைக்குப் பாயும், எரியக்கூடிய வாயுவைக் கக்கும், பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். எல்எஃப்பி (லிதியம் இரும்பு பொஸ்பேட்) செல்கள் நிக்கல் கலந்த செல்களைவிட இதில் நிதானமானவை.

ஒயிலின் வேலை அந்தப் பக்கத்துச் செல்லைக் காப்பாற்றுவது. கெட்டுப்போன ஒரு செல் கக்கும் சூட்டைச் சுற்றியுள்ள திரவம் வாங்கிப் பரப்பிவிட்டால் அடுத்தது அந்த எல்லையைத் தொடாமல் தப்பலாம். காற்றும் செல்லிடம் எளிதில் போகாது. மறுபக்கம், ஹைட்ரோகார்பன் ஒயில்களில் பல 150 முதல் 230 பாகைக்குள் ஆவி தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். எஸ்டர் வகைகள் 250, 300 பாகை வரை தாங்கும். ஆகவே திரவத்தின் அளவு, ஓட்டம், வாயு வெளியேறும் வழி மூன்றும் சரியாக இருந்தால் பாதுகாப்பு கூடும். கொஞ்சம் ஒயிலை ஊற்றி, வாயு போக வழியில்லாமல் பெட்டியை மூடிவைத்தால் ஆபத்துத்தான் கூடும்.

சீனாவின் புதிய பற்றரி விதி, ஜிபி 38031-2025, 2026 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும்படி அறிவிக்கப்பட்டது. ஒரு செல் கெட்டுப்போன பிறகும் பற்றரி குறைந்தது இரண்டு மணி நேரம் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடாது என்கிறது. முந்தைய விதி ஆட்கள் இறங்குவதற்கு ஐந்து நிமிட எச்சரிக்கை கேட்டதோடு சரி. நமக்கு வரும் கார்களில் பெரும்பங்கு இனிச் சீனத்திலிருந்துதான் என்பதால் இந்த விதி நம்மையும் காக்கக்கூடும். இமர்ஷன் முறைக்கு உந்துதல் தரப்போவதும் இதுதான் என்பது என் எண்ணம்.

அண்ணா, என் ஸ்கூட்டர் பற்றரிப் பெட்டிக்குள் நானே ட்ரான்ஸ்போமர் ஒயில் ஊற்றலாமா?

வேண்டாம் தம்பி. ஓட்டோ வைத்திருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள், பதில் ஒன்றுதான்.

பழைய ட்ரான்ஸ்போமரிலிருந்து வடித்த ஒயில் மலிவாகக் கிடைக்கும், அதிலுள்ள முதல் ஆபத்து பற்றரிக்கு அல்ல, உங்களுக்கு. பழைய ஒயிலில் பிசிபி என்ற நச்சு இரசாயனம் கலந்திருக்கக்கூடும். புற்றுநோயை உண்டாக்குவது, உடம்பில் போனால் வெளியேறாமல் தங்குவது, 2001இன் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை முதலில் குறிவைத்த 12 இரசாயனங்களில் ஒன்று. பார்த்தோ மணந்தோ கண்டுபிடிக்க முடியாது. வெறுங்கையால் தொடவே கூடாது, பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வைக்கவும் கூடாது.

சரி, புது ஒயில் வாங்கினாலும்? ஸ்கூட்டர் பற்றரிக்குள் பம்பும் இல்லை, ரேடியேற்றரும் இல்லை. 5 லீற்றர் ஒயில் என்றால் 4 கிலோ எடை. பற்றரி 100 வாட் சூடு விடுகிறது என்று வைத்தால் அந்த ஒயில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு பாகை ஏறும். ஆரம்பத்தில் சூடு ஏறுவது தாமதமாகும், அவ்வளவுதான், பிறகு ஆறுவதும் அதே அளவு தாமதமாகும். மத்தியானம் ஓடிவிட்டு வந்த பற்றரி சாயங்காலம் வரை சூடாகவே கிடக்கும்.

ஒயில் சூடேறினால் விரியும். 30 பாகை ஏறினால் 5 லீற்றரில் நூறு மில்லிலீற்றருக்கு மேல் கூடும். அதற்கு இடம் விடாமல் மூடிய பெட்டி ஏதோ ஒரு மூலையில் கசியும். விளிம்பில் பூசிய சிலிக்கோன் பசை ஒயிலில் ஊறி உரிந்துவரும். செல்களைச் சுற்றிய பீவீசீ உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும். றப்பர் விஷயத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: கார் கூலன்ற் ஹோஸில் ஒரு துண்டை வெட்டி, அரைப் போத்தல் ஒயிலில் போட்டு ஒரு வாரம் விடுங்கள். எடுக்கும்போது பருத்து, மெதுமெதுவென்று ஆகியிருக்கும். கூலன்ற் ஹோஸ்கள் ஈபீடிஎம் என்ற றப்பர், அது கிளைக்கோலுக்கு நல்லது, ஒயிலுக்கு ஆகாது. இமர்ஷன் பற்றரி செய்பவர்கள் ஒவ்வொரு சீலையும் ஒவ்வொரு பசையையும் அந்தக் குறிப்பிட்ட திரவத்தில் மாதக்கணக்கில் ஊறவைத்துப் பார்த்துத்தான் தெரிவுசெய்கிறார்கள்.

அப்போ என் பற்றரி நிலைக்க நான் என்ன செய்யலாம்?

நிழலில் நிறுத்துங்கள். ஓடிவந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். வெயில் மாதங்களில் நாட்கணக்கில் சும்மா நிறுத்தும்போது நூறு வீதத்தில் வைக்காமல் பாதியளவில் வையுங்கள். இந்த மூன்றும் காசு செலவில்லாதவை, இமர்ஷன் தரும் ஆயுளில் கணிசமான பங்கை இவையே தந்துவிடும்.

கடற்காற்றும் வெள்ளமும்?

கடலோடு ஒட்டிய ஊர் என்பதால் இதைக் கேட்கத்தான் வேண்டும். உப்புக் காற்று இணைப்புகளைப் பூக்கவைக்கும், அது தடையைக் கூட்டும், தடை சூட்டைக் கூட்டும். ஒயிலுக்குள் மூழ்கிய இணைப்பை உப்புக்காற்று தொடாது, இது நமக்கு உண்மையான நன்மை.

வெள்ளம் வேறு. மாரியில் மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் தண்ணீர் ஏறும்போது மின்வாகனத்தை முன்கூட்டியே மேட்டுக்குக் கொண்டுபோங்கள். 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் சூறாவளிக்குப் பிறகு, கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, தண்ணீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. உப்புநீர் மூழ்கடித்த பற்றரி எந்த வகையானாலும் வீட்டை விட்டுத் தள்ளி, திறந்தவெளியில் நிற்கட்டும். அதைக் காயவைத்துச் சார்ஜில் போட்டுப் பார்க்கவேண்டாம்.

மீன்பிடி வள்ளத்துக்கு இது சரிவருமா?

வெளி இயந்திரத்துக்குப் பதில் மின்மோட்டார் போடும் நாள் வந்தால், கார்களைவிட வள்ளத்துக்கே இது பொருந்தும் என்று நம்புகிறேன். சுமை நீண்ட நேரம் ஒரே சீராக இருக்கும், சுற்றிலும் உப்பு, ஆனால் சூட்டை விடுவதற்கு அடியிலேயே கடல் இருக்கிறது. உள்ளே ஒயில், அதைக் கடல்நீரால் ஆற்றும் ஒரு வெப்பமாற்றி. டீசல் படகு எஞ்சின்களின் கூலன்றைக் கடல்நீரால் ஆற்றுவது நம் ஆட்களுக்குத் தெரிந்த வேலைதான்.

சீனக்குடாவில் மசகு ஒயில் கலக்கும் ஆலை இருக்கிறதே, இந்தத் திரவத்தை இங்கேயே செய்யமுடியாதா?

லங்கா ஐஓசியின் ஆலை அங்கே இருக்கிறது, பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளும் அங்கேதான், ஆகவே இந்தக் கேள்வி இயல்பாக வருகிறது. எஞ்சின் ஒயில் கலப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்: நல்ல அடிப்படை ஒயில், சில சேர்மானங்கள். வித்தியாசம் சுத்தத்தில். எஞ்சின் ஒயிலில் இருக்கும் உலோகச் சேர்மானங்களின் மிச்சம் குழாயில் கொஞ்சம் இருந்தாலே இந்தத் திரவத்தின் மின்தடுப்பு கெடும். தனிக் குழாய், தனித் தாங்கி, ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி, ஒவ்வொரு பீப்பாய்க்கும் சோதனை வேண்டும். செய்யமுடியாத வேலை இல்லை, வாங்க ஆள் இருந்தால். இப்போது இதை விற்பவை ஷெல், காஸ்ட்ரோல், ஃபுக்ஸ் போன்ற பெரிய கம்பனிகள்.

சம்பூரில் சூரிய மின்நிலையம் வருகிறதே, அங்கே வைக்கும் பற்றரிக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்ட பிறகு சம்பூருக்குச் சூரியசக்தி வந்தது, சூரியசக்தி என்றால் இரவுக்குச் சேமிக்கும் பற்றரியும் என்றாவது வரும். சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் மெய்சோ நகரத்தில் 2023 மார்ச்சில் ஒயிலில் மூழ்கிய செல்களோடு 70 மெகாவாட், 140 மெகாவாட் மணி சேமிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலையத்தில் எடை ஒரு பிரச்சினையே இல்லை.

ஒயிலை மாற்றவேண்டுமா?

பொதுவாக வாகனத்தின் ஆயுள் முழுக்கப் போதும் என்ற கணக்கில்தான் நிரப்புகிறார்கள். எஞ்சினைப் போலக் கரி சேர்வதில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து ஒரு வேலை செய்தால் ஈரமும் தூசும் போகும், அதன்பின் சோதிக்காமல் மூடக்கூடாது. 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் எத்தனை கிலோவோல்ட் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனை மின்சார சபைக்காரர்கள் ட்ரான்ஸ்போமர் ஒயிலுக்குச் செய்வதேதான். எஸ்டர் வகைகள் கனிம ஒயிலைவிடப் பல மடங்கு ஈரத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அவற்றைத் திறந்து வைப்பதில் இன்னும் கவனம் வேண்டும். வடித்த ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள், அது குளத்துக்கோ கடலுக்கோதான் போகும்.

நாளைக்கு யாராவது "இமர்ஷன் பற்றரி வாகனம்" என்று விற்க வந்தால் என்ன கேட்கவேண்டும்?

திரவம் எது, அதன் தீப்பற்றும் வெப்பநிலை எவ்வளவு என்று கேளுங்கள். பம்ப் நின்றுபோனால் வாகனம் என்ன செய்யும், தானே வேகத்தைக் குறைக்குமா, சார்ஜை நிறுத்துமா என்று கேளுங்கள். ஏசியோடு இணைந்த சில்லர் இருக்கிறதா, வாகனம் நிற்கும்போதும் அது ஓடுமா என்பது நம் ஊருக்கு மிக முக்கியமான கேள்வி. ஒரு செல் கெட்டால் கக்கும் வாயு எந்தப் பக்கமாக வெளியேறும் என்றும் கேளுங்கள், இருக்கையின் கீழாக இருந்தால் வாங்கவேண்டாம். அப்புறம், கசிந்தால் மேல்நிரப்ப அந்தத் திரவம் இலங்கையில் யாரிடம் இருக்கிறது, பெட்டியைத் திறக்கப் பயிற்சி பெற்ற கராஜ் எது, அது திருகோணமலையிலா, இல்லாவிட்டால் வாகனத்தைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்ப யார் காசு கொடுப்பது. கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.